கரண்ட் போனால் கதவு திறக்கலாமா?

நைட் ஷிப்ட் ஓசூர்:
பாலக்கோடு வயர்மேன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை. "கரண்ட் போனதும் திறந்துகொள்கிற கதவுக்குப் பூட்டு எதற்கு, அதை மாட்டினவன் திருடனுக்கு வழி விட்டவன்" என்கிறார். சிப்காட்டில் ஒரு கம்பெனி கன்ட்ரோல் ரூமில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன். மேக்னட் லாக், அதாவது காந்தத்தால் கதவைப் பிடிக்கிற பூட்டு, கரண்ட் இருக்கும்வரை பிடிக்கும், போனால் விட்டுவிடும். அது கோளாறு இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். உள்ளே புகை சூழ்ந்தால் கதவு திறக்கிற கார்டைத் தேடிக்கொண்டா நிற்பார்கள்? தீ அலாரத்தின் ஃபயர் பேனலில் இருக்கிற ரிலே சுவிட்ச், லாக்குக்குப் போகிற கரண்டை நேராக வெட்ட வேண்டும், சாஃப்ட்வேர் வழியாகச் சுற்றி வரக்கூடாது, கம்ப்யூட்டர் ஹேங் ஆகிற நாளும் உண்டல்லவா.

பாலக்கோடு வயர்மேன்:
தம்பி, நான் ஃபயரைப் பற்றிப் பேசவே இல்லை. கரண்ட் போனால் என்றுதான் சொன்னேன். பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு லைனை நிறுத்துகிறார்கள், சாயங்காலம்தான் வருகிறது. அதுவரை ஸ்டோர் கதவு திறந்து கிடக்கட்டுமா?

நைட் ஷிப்ட் ஓசூர்:
பேட்டரி எதற்கு அண்ணா? 12 வோல்ட் லாக் அரை ஆம்பியர் அளவுதான் இழுக்கும். 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி நல்ல நிலையில் இருந்தால், கதவை இயக்குகிற கன்ட்ரோலர், கார்டைப் படிக்கிற ரீடர் எல்லாம் சேர்ந்து இழுத்தாலும் பல மணி நேரம் தாங்கும். ஆனால் மாட்டினதோடு சரி, அப்புறம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் அது செத்துவிடும், கரண்ட் போன உடனே கதவும் விட்டுவிடும். பழியை லாக் மேல் போடுகிறீர்கள்.

பாலக்கோடு வயர்மேன்:
ஆக, திறந்தது. அதைத்தான் நானும் சொன்னேன். கரண்ட் போனது, கதவு திறந்தது.

அரூர் அக்கவுண்ட்ஸ்:
இரண்டு பேரும் வேறு வேறு பூட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் கேஷ் ரூமில் எலக்ட்ரிக் ஸ்ட்ரைக், அதாவது கதவு நிலையில் தாழ்ப்பாளைப் பிடிக்கிற மின்பூட்டு, போட்டிருக்கிறார்கள். கரண்ட் போனால் வெளியே இருந்து திறக்காது, உள்ளே இருப்பவர் கைப்பிடியைத் திருகி வெளியே வந்துவிடலாம். ஆள் வெளியேறுகிற வழிக்கு ஒன்று, பெட்டி இருக்கிற அறைக்கு இன்னொன்று என்று வைத்தால் போதாதா?

நைட் ஷிப்ட் ஓசூர்:
கேஷ் ரூமை விடுங்கள், பேச்சு மேக்னட் லாக்கைப் பற்றி. கதவு திறந்ததும் திருடன் வந்துவிடுவான் என்பதே தப்பு. டோர் சென்சார் இருக்கிறது. கார்டு இல்லாமல் திறந்தால் 'ஃபோர்ஸ்டு' என்று அலாரம் வரும், ரொம்ப நேரம் மூடாமல் இருந்தால் 'ஹெல்ட்' என்று வரும். ஆபரேட்டர் அந்தக் கேமராவைப் பார்த்து, ஆளை அனுப்பி, காரணத்தை எழுதிய பிறகுதான் 'பார்த்தாயிற்று' என்று அலாரத்தை அக்னாலெட்ஜ் செய்ய வேண்டும். எங்கள் ஷிப்டில் அப்படித்தான் நடக்கிறது. சில இடங்களில் வரிசையாக வருகிற அலாரத்தைப் பார்க்காமலே தட்டித் தள்ளுகிறார்கள், மூன்று ஷிப்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு வேறு, நாளைக்கு யார் தட்டியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சூளகிரிக்காரன்:
ஆபரேட்டரைக் குறை சொல்ல வேண்டாம். ஒரு ஆள், பதினாறு கேமரா, கேட்டில் லாரி என்ட்ரியும் அவர்தான் போட வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் கேமரா ரெக்கார்டர் ஒரு நேரம் காட்டும், கார்டு சாஃப்ட்வேர் வேறு நேரம் காட்டும். பொருள் காணாமல் போனபோது இரண்டையும் ஒத்துப் பார்க்க முடியாமல் கடைசியில் செக்யூரிட்டி சம்பளத்தில்தான் பிடித்தார்கள். இன்னும் மறக்கவில்லை.

பாலக்கோடு வயர்மேன்:
கார்டு என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த 125 கிலோஹெர்ட்ஸ் சாதா கார்டைச் சின்ன மிஷினில் வைத்துக் காப்பி எடுத்துவிடலாம். அதை நம்பிக்கொண்டு எனக்குப் பாதுகாப்பு சொல்லித்தருகிறார் ஓசூர்க்காரர்.

நைட் ஷிப்ட் ஓசூர்:
ஓசூர்க்காரர் என்று எதற்கு இழுக்கிறீர்கள்? காப்பி ஆகிற கார்டு வேண்டாம் என்று மேனேஜ்மென்டிடம் எழுதிக் கொடுத்தவன் நான். எளிதில் காப்பி எடுக்க முடியாத டெஸ்ஃபயர் கார்டு வாங்குங்கள், ரீடரிலிருந்து கன்ட்ரோலருக்கு வீகண்ட் என்கிற பழைய முறையில் ஒயர் போட்டால் கார்டு நம்பர் அப்படியே திறந்தபடி ஓடும், அதனால் ஓஎஸ்டிபி என்கிற புது முறையில், நம்பரை மறைத்து அனுப்புகிற செக்யூர் சேனல் போடுங்கள் என்று சொன்னேன். விலையைப் பார்த்துவிட்டு ஃபைலை மூடினார்கள். ஆனால் கார்டு காப்பி ஆகிறது என்பதற்காக வெளியேறும் கதவை ஆள் இருக்கும்போது பூட்டி வைக்கச் சொல்கிறீர்களா? எக்ஸிட் பட்டனும், அவசரத்தில் கதவு திறக்க அழுத்துகிற பச்சைப் பெட்டியும் லாக் கரண்டை நேராக வெட்டுகிறதா என்று நீங்கள் வேலை செய்த இடத்தில் என்றைக்காவது அழுத்திப் பார்த்தீர்களா?

பாலக்கோடு வயர்மேன்:
நான் ஒயர் இழுத்த கட்டடம் தர்மபுரியில் எத்தனையோ இருக்கிறது, ஒன்றிலும் புகார் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் எனக்கு ஒயரிங் சொல்ல வேண்டாம்.

அரூர் அக்கவுண்ட்ஸ்:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

நைட் ஷிப்ட் ஓசூர்:
புகார் இல்லை என்றால் சோதித்ததாக ஆகாது அண்ணா. மெயினை ஆஃப் செய்து பேட்டரியில் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பாருங்கள். ஃபயர் பேனலில் டெஸ்ட் கொடுத்து எல்லாக் கதவும் விடுகிறதா என்று பாருங்கள். பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள், பேசலாம்.

பாலக்கோடு வயர்மேன்:
முதலில் நீங்கள் பதில் சொல்லுங்கள். கரண்ட் போனால் திறக்குமா, திறக்காதா?