ஸ்டோர் அண்ணனை வழியனுப்ப: கடற்கரையில் விளையாட்டா, ஆபீஸில் சால்வையா?

கெடிலக்கரை:
கடலூரில் ஒரு சின்ன கம்பெனியில் இருக்கிறேன், மொத்தம் 22 பேர். 14 வருஷமாக ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட அண்ணன் இந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு ஓசூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார். கரண்ட் போனாலும் எந்த போல்ட் எந்த டப்பாவில் என்று கை வைத்தே எடுத்துத் தருகிற மனுஷர். எங்களிடம் யார் போனாலும் வழக்கம் ஒன்றுதான்: சாயங்காலம் பிளாஸ்டிக் நாற்காலியை வரிசையாகப் போடுவோம், ஒரு சால்வை, ஒரு சந்தன மாலை, நாலு பேர் பேச்சு, ஒரு ஸ்வீட் ஒரு காரம், அப்புறம் எல்லோரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவோம். இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமை காலையில் சில்வர் பீச்சுக்குப் போய் கபடி, கயிறு இழுத்தல், எறிபந்து, மதியம் பிரியாணி என்று நாங்கள் சிலர் முடிவு செய்தோம். தலைக்கு 600 ரூபாய். இரண்டு அக்காக்கள் வரமாட்டோம் என்கிறார்கள். ஏன் என்றே புரியவில்லை, நல்லதுதானே செய்கிறோம்?

பாதிரி மரம்:
நான் திருப்பாதிரிப்புலியூர், இன்னொரு ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். உங்கள் அக்காக்கள் இடத்தில் இருந்து சொல்கிறேன் தம்பி. வாரத்தில் ஒரு நாள்தான் லீவு. அன்றைக்குத்தான் துணி, மாவு, மாமியாருக்கு மாத்திரை, பிள்ளைக்குப் பரீட்சைப் பாடம் எல்லாம். அதையும் விட்டுவிட்டு பங்குனி வெயிலில் சேலையோடு மணலில் நிற்க வேண்டும், ஆம்பிளைகள் கபடி ஆடுவீர்கள், எங்களை எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் வைத்து நடக்கச் சொல்வீர்கள். அதற்கு 600 ரூபாயும் தரவேண்டும். கொடுத்தவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக் போட்டு வாட்ஸ்அப் குழுவில் போடுகிற வழக்கம் உங்களிடமும் இருக்குமே? டிக் இல்லாத பெயர் எத்தனை பேர் கண்ணில் படும் என்று யோசித்துப் பாருங்கள்.

சால்வையை லேசாகப் பேசவும் வேண்டாம். என் அப்பா ரிட்டயர் ஆனபோது போர்த்தியது இன்னும் பீரோவில் நாப்தலின் உருண்டையோடு இருக்கிறது. எத்தனை வீடு மாறினோம், அது கூடவே வந்தது.

மஞ்சக்குப்பத்தான்:
அக்கா சொல்வது ஓரளவு சரி, ஆனால் எல்லோரும் இப்படியே இருந்தால் எதுவும் நடக்காது. கயிறு இழுத்தல் 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கிலேயே இருந்த ஆட்டம், பக்கத்துக்கு எட்டுப் பேர் என்று வைத்தால் 16 பேர் ஒரே நேரத்தில் சேர்ந்துவிடலாம், தனியாகத் திறமை வேண்டியதில்லை. பேச்சு என்றால் ஒருத்தர் பேச மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கடலூர் பீச் வேண்டாம் என்றால் பாண்டி ரோட்டில் சுண்ணாம்பாறு இருக்கிறது, படகில் போனால் பாரடைஸ் பீச். எல்லோருக்கும் ஒரு மாறுதலாகவும் இருக்கும்.

பாதிரி மரம்:
பாண்டி என்றதும் எங்கள் வீட்டில் முதலில் கேட்பது பாட்டிலைப் பற்றித்தான். நான்கு பேர் ஒதுங்கிப் போய் வருவார்கள், திரும்பும்போது வேனில் அந்த வாடையோடு வழியெல்லாம் உட்கார வேண்டும். இதைச் சொன்னால் பழமைவாதி என்பீர்கள், என்றாலும் சொல்கிறேன்.

கயிறு இழுத்தலும் அப்படித்தான். முன்பு நான் இருந்த ஓர் இடத்தில் இதே மாதிரி ஒரு வழியனுப்பு விழாவில், பிடி நழுவாமல் இருக்கட்டும் என்று விடைபெறுகிற சாரே நைலான் கயிற்றைக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டார். எதிர்ப்பக்கம் ஒரே இழுப்பாக இழுத்ததில் விரல் மாட்டி, சுண்டு விரலில் தோல் பிய்ந்து எலும்பும் விலகிவிட்டது. அவருடைய கடைசி நாள் கேசுவாலிட்டியில் போனது, கேக் அப்படியே டப்பாவில் இருந்தது. கையில் கயிறு சுற்றக்கூடாது என்று ஒருத்தராவது முன்னால் சொல்லியிருக்க வேண்டும், எங்களில் யாரும் சொல்லவில்லை.

தேவனாம்பட்டினம்:
சில்வர் பீச் எங்கள் ஊர். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கபடி ஆடி வேர்த்து, பிரியாணி சாப்பிட்டுவிட்டு, யாராவது ரெண்டு பேர் கட்டாயம் தண்ணியில் இறங்குவார்கள். எத்தனை விளையாட்டுப் போட்டி போட்டாலும் அது நடக்கும். அலை உடைகிற இடத்தைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் பயப்படுவார்கள், நடுவில் அலை இல்லாமல் அமைதியாக இருக்கிற பட்டையில் இறங்குவார்கள். இழுப்பு இருப்பது அங்கேதான், கரைக்கு வந்த தண்ணி அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்பும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டக்கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வரவேண்டும். இது தெரியாத 22 பேரைக் கூட்டிக்கொண்டு வருவதாக இருந்தால், தண்ணியில் கால் நனைக்கக்கூட யாரும் போகமாட்டார்கள் என்று பொறுப்பேற்க ஒருத்தர் வேண்டும். அவருக்கு அன்றைக்கு விளையாட்டும் இல்லை, பிரியாணியும் இல்லை.

கெடிலக்கரை:
கடல் விஷயமும் கயிறு விஷயமும் ஏற்றுக்கொள்கிறேன், அது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் விளையாட்டே வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன் அக்கா. போன ஆயுத பூஜைக்கு எங்கள் கோடவுன் பின்னால் உறியடி வைத்தோம். வாசலில் நிற்கிற செக்யூரிட்டி பெரியவரைப் பிடித்து இழுத்து வந்து கண்ணைக் கட்டினோம். அதுவரை யாருக்கும் அவர் பெயர்கூடத் தெரியாது. அவர் தடியைத் தூக்கிக்கொண்டு பானைக்கு எதிர்த் திசையில் நடக்க, பர்ச்சேஸில் யாரிடமும் வாய் திறக்காத பெண் “ஐயா, வலது பக்கம், இன்னும் ரெண்டு எட்டு” என்று கத்தினாள். பானை உடைந்து மஞ்சள் தண்ணி அவர் சட்டை முழுக்க. மறுநாளிலிருந்து கேட்டைத் தாண்டும்போது எல்லோரும் அவர் பெயரைச் சொல்லித்தான் வணக்கம் வைக்கிறோம். ஐந்து வருஷமாக நடந்த எந்தக் கூட்டத்திலும் அது நடக்கவில்லை. அதைத்தான் அண்ணனுக்கும் கொடுக்க நினைத்தேன்.

பாதிரி மரம்:
இப்போது நீங்கள் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. அது ஆபீஸ் வளாகத்தில், வேலை நாளில், காசு வாங்காமல் நடந்தது, கவனித்தீர்களா? இன்னொரு கேள்வி. இங்கே எழுதியதை எல்லாம் மேலிருந்து படித்துப் பார்த்தேன், அண்ணனிடம் கேட்டீர்களா என்று எங்கேயும் இல்லை. 14 வருஷம் இரும்புச் சாமான் தூக்கி இறக்கியவர், முட்டி எப்படி இருக்கிறது, கபடியில் 30 விநாடி பாடிக்கொண்டு போய்வரச் சொல்லலாமா, எதுவும் நமக்குத் தெரியாது.

முத்தியால்பேட்டை:
பாண்டியிலிருந்து எழுதுகிறேன். ஓட முடியாதவருக்கும் சேலை கட்டியவருக்கும் ஏற்ற ஆட்டம் எங்கள் ஊரில் இருக்கிறது, பெத்தாங். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனது, பென்ஷன் வாங்குகிற பெரியவர்கள் சாயங்காலத்தில் ஆடுவார்கள். தரையில் ஒரு வட்டம் போட்டு, இரண்டு காலும் அதற்குள் ஊன்றி நின்று, 6 முதல் 10 மீட்டர் தூரத்தில் கிடக்கிற சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் இரும்புக் குண்டைப் போடவேண்டும். யார் குண்டு நெருக்கமாக இருக்கிறதோ அவர்களுக்குப் புள்ளி, 13 எடுத்தால் ஜெயம். தெற்கு பிரான்ஸில் வாதத்தால் ஓட முடியாமல் போன ஒருத்தருக்காகவே, ஓடிவந்து எறிகிற பழைய ஆட்டத்தை மாற்றி இதை உருவாக்கினார்கள். கடற்கரை மணல் இதற்கு ஆகாது, குண்டு புதைந்துவிடும், சரளைக் கல் கலந்த கெட்டித் தரைதான் நல்லது. குண்டு கிட்டத்தட்ட முக்கால் கிலோ இருக்கும், ஆகவே எறிகிறவருக்கு எதிரில் யாரும் நிற்கக்கூடாது. என்னிடம் ஒரு செட் இருக்கிறது, யாராவது வந்தால் தருகிறேன்.

மஞ்சக்குப்பத்தான்:
கபடியை விட்டுவிட்டு இதுவா? பசங்களுக்கு வேகம் வேண்டும் சார். இருந்தாலும் அண்ணன் ஆடமுடியும் என்றால் நான் தடுக்கவில்லை.

கெடிலக்கரை:
இன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் அண்ணனிடம் நேராகக் கேட்டுவிட்டேன். டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார், “பீச்செல்லாம் வேணாம்பா. லோடு இறக்க வருதே அந்த நாலு பேரு, செக்யூரிட்டி ஐயா, பெருக்குற அக்கா, இவங்க எல்லாரும் இருக்கணும். அவங்ககிட்ட காசு கேக்கக் கூடாது.” எங்கள் 22 பேர் கணக்கில் அவர்கள் ஒருத்தரும் இல்லை. எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உறியடி வைக்கலாமா என்றதற்கு, பானையை நானே கட்டுகிறேன் என்றார்.

ஆக, சனிக்கிழமை மூன்று மணிக்கு, கோடவுன் பின்னால். முதலாளி அரை நாள் லீவு கொடுத்துவிட்டார். உறியடி, முத்தியால்பேட்டை சார் கொடுக்கிற குண்டு, ஓரத்தில் எறிபந்து, வேண்டுகிறவர்கள் மட்டும். கயிறு வாங்கவில்லை. 600 வேண்டாம், முடிந்ததைக் கவரில் போட்டு மேஜையில் வைத்தால் போதும், டிக் எதுவும் கிடையாது.

பாதிரி மரம்:
பணம் இல்லாமல் கவர் வைக்கிறவரும் தலை நிமிர்ந்து வரட்டும், கவரில் யாரும் பெயர் எழுத வேண்டாம். தடி வீசுகிற தூரத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போடுங்கள், குழந்தைகள் வந்தால் கோட்டுக்கு வெளியே. மூன்று மணி வெயிலில் முகம் கறுத்துவிடும், நான்கரைக்கு உறியடி வையுங்கள். ஸ்டோரில் இருக்கிற தார்ப்பாயை மேலே இழுத்துக் கட்டுங்கள், தண்ணிப் பானை இரண்டு வேண்டும். இத்தனைக்கும் பிறகும் சால்வை வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. பிளாஸ்டிக் உறையோடு கையில் திணிக்காதீர்கள், பிரித்துப் போர்த்துங்கள். லோடு இறக்குகிற நாலு பேரில் ஒருத்தர் போர்த்தட்டும்.