அம்பாசடர் ரேடியேட்டர் ஹோஸ் வழியில் கிழிந்தால்?

கேள்வி: பழைய பெட்ரோல் அம்பாசடர். மேல் ஹோஸில் (எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய்) விரிசல், தண்ணீர் பீச்சுகிறது. செல்லோடேப் நிற்கவில்லை. மெக்கானிக் கடை 20 கி.மீ. தள்ளி. என்ன செய்யலாம்?

பதில் 1: செல்லோடேப் பசை சூட்டில் இளகிவிடும் சார். முதலில் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும். விரிசல் நுனியில் என்றால் ஒட்டே வேண்டாம். கிளாம்பை (ஹோஸை இறுக்கும் வளையம்) கழற்றி, கிழிந்த ஓரத்தை நேராக வெட்டி, திரும்ப மாட்டுங்கள். நடுவில் என்றால் பழைய சைக்கிள் டியூபை 3 செ.மீ. அகல நாடாவாக நறுக்குங்கள். ஹோஸை ஈரம் போகத் துடைத்து, விரிசலுக்கு 5 செ.மீ. முன்னிருந்தே இழுத்துப் பிடித்து, பாதிக்குப் பாதி ஏறும்படி சுற்றி, மேலே கட்டுக்கம்பி போடுங்கள்.

பதில் 2: ரேடியேட்டர் மூடியை முழுதும் இறுக்காமல் முதல் பிடிப்போடு விட்டுவிடுங்கள். பிரஷர் ஏறாது, ஒட்டு தாங்கும். ஆனால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். மெதுவாக ஓட்டி, 5 கி.மீ.க்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிட்டுப் பாருங்கள். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் (எஞ்சினின் மேல்பாகம்) விரிசல் விடும்.

கேள்வி கேட்டவர்: ரேடியேட்டர் தண்ணீரில் மஞ்சள் தூள் போடலாமா?

பதில் 1: அது ரேடியேட்டர் கோரில் (உள்ளே இருக்கும் மெல்லிய குழாய்களில்) விழும் ஊசித்துளைக்கு. ஹோஸ் கிழிசலுக்கு உதவாது, சேறாகி அடைக்கும்.