6 முள் ஸ்பிரிங்கை ஒதுக்கறது நியாயமா? கட்லா, ரோகு, கெண்டைக்கு எந்த செட்?

வேலந்தாவளம்_தக்கை:
கோவிந்தாபுரம் பக்கம் ஒரு கட்டணக் குளத்துல புது போர்டு தொங்குது. நாலே வரி. ராடுக்கு ஒரு முள்தான். முள் நுனியில பின்னாடி பார்த்து நிக்கற நாக்கை நசுக்கியிருக்கணும். நரம்பு (தூண்டில் இழை) அறுந்தா ஈயம் மீனோட போகக் கூடாது. 4 கிலோவுக்கு மேல இருக்கற மீனைத் திரும்ப விட்டுரணும். மூணாவது வரி பாதிப் பேருக்குப் புரியலை, முதல் வரி பாதிப் பேருக்குப் பிடிக்கலை. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு வரைக்கும் கடையில தொங்கறது, மாவு பிடிக்கற இரும்புச் சுருள்ல 6 முள், 8 முள் கட்டின ஸ்பிரிங் செட்டுதானே. சரியா தப்பான்னு காரணத்தோட சொல்லுங்க. செட் கட்டற முறையும் வேணும்.

கொழிஞ்சாம்பாறை_மாவு:
தப்புத்தானுங்க. கட்லாவோட வாயைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், கீழ்த்தாடை மேல தூக்கி நிக்கும். அது இரையைக் கடிக்கறதில்லை. மாவு கரைஞ்சு புகை மாதிரி கிளம்பறதை நடுத்தண்ணியில நின்னு உறிஞ்சுது. மாவைச் சுத்தி 6 முள் இருந்தா உறிஞ்சற தண்ணியோட ஏதோ ஒண்ணு உள்ள போகும். ஒத்தை முள்ளுன்னா தக்கை ரெண்டு ஆட்டம் ஆடிட்டு நின்னுக்கும்.

இன்னொண்ணு. கட்லா, ரோகு, மிருகால் மூணும் ஓடற தண்ணி இல்லாம முட்டை போடாது. குளத்துல இருக்கறது அத்தனையும் குஞ்சு வாங்கி விட்டது. வளர்ந்தா சட்டிக்கு. அதுக்குப் போய் சீமைக் குளத்துச் சட்டத்தைக் கொண்டு வந்து தொங்கவிட்டா எப்படி?

ஆழியாறு_120:
அண்ணா, முட்டை போடாதுங்கறது சரி. அதனாலதான் பெரிய மீன் குளத்துக்காரருக்கு முதல். 6 கிலோ கட்லா ஒண்ணு போச்சுன்னா அந்த இடத்துக்கு வர இன்னொரு குஞ்சு வருஷக்கணக்குல தீனி தின்னு வளரணும். சட்டிக்குப் போற மீன் மேல போர்டுக்குக் கோபமில்லை. சட்டிக்கும் போகாம, குளத்துலயும் பொழைக்காம சாகற மீனுக்குத்தான் அந்த மூணாவது வரி.

கடைச் செட்டைக் கையில எடுத்துப் பாருங்க. மெயின் நரம்பு நேரா ஸ்பிரிங் தலை வளையத்துல முடிச்சு. அதுக்குக் கீழ ஆறு பின்னல் நூல், ஒவ்வொண்ணும் 5, 6 செ.மீ, ஒவ்வொண்ணு முனையிலயும் முள். எதுவும் எங்கயும் கழலாது. நரம்பு மேல கல்லுல உரசி அறுந்துச்சுன்னா மீன் வாயில ஒரு முள், மீதி 5 வெளிய தொங்குது, நடுவுல இரும்புச் சுருள். ரெண்டு நிமிஷத்துல அந்த 5-ல ஒண்ணு தண்ணிக்கடியில கிடக்கற வேலமர வேர்லயோ கிழிஞ்ச வலையிலயோ மாட்டும். அப்புறம் முளைக்குச்சியில கட்டின மாடு மாதிரி அங்கயே சுத்த வேண்டியதுதான்.

கரைக்கு வந்தாலும் கதை முடியலை. ஒண்ணு உதட்டுல, ஒண்ணு செவுள் மூடியில, சில சமயம் ஒண்ணு கண்ணுல. கைவலைக்குள்ள தூக்கினா மீதி முள்ளெல்லாம் வலைக்கண்ணுல சிக்கும். மீன் ஒரு துள்ளு துள்ளினா வலையில இருக்கற முள் மீனைக் கிழிக்கும், இல்லைன்னா நம்ம விரலைக் கிழிக்கும்.

கொழிஞ்சாம்பாறை_மாவு:
அறுந்தாத்தானே தம்பி இத்தனையும்? 0.50 நரம்பு போடு, அறுகாது. கதை முடிஞ்சுது.

மீனாட்சிபுரம்_ரீல்:
முடியாதுங்ணா. தடிமன் ஏத்தினா அறுகற இடம் மாறும், அவ்வளவுதான். ஸ்பிரிங் அடியில மரத்துல மாட்டிக்கிட்டா நீங்களே கையில சுத்தி இழுத்து அறுப்பீங்க. தடிச்ச நரம்பு தேய்ஞ்ச இடத்துல அறுகும், அது ரீல் பக்கமா இருந்தா 30 மீட்டர் தண்ணியில கிடக்கும். எது முதல்ல அறுகணும்னு நாம முடிவு பண்ணி வைக்கணும். மெயின் 7 கிலோ தாங்கினா முள் நரம்பு (முள்ளைக் கட்டற கடைசித் துண்டு) 5 கிலோ. முள் மாட்டினா கீழ ஒரு சாண்தான் போகும்.

செட் மூணு வகை சொல்றேன். மூணுக்கும் மெயின் நரம்பு 0.35 மி.மீ தங்கூஸ் (ஒத்தை இழை நைலான்), 8 நம்பர் ஸ்விவல் (ரெண்டு பக்கமும் நரம்பு கட்டற, சுழலற வளையம்).

முதல்ல ஓடற ஈயம். பெரிய துளை வளையத்துல தொங்கற 40 கிராம் ஈயத்தை நரம்புல கோர்த்து, அடுத்து ஒரு ரப்பர் மணி, அடுத்து ஸ்விவல். ஸ்விவலுக்குக் கீழ 15, 20 செ.மீ முள் நரம்பு. நரம்பு எங்க அறுந்தாலும் ஈயம் நழுவி விழுந்துரும். புதுசா கட்டறவங்களுக்கு இதை விட்டா வேற வேண்டாம். ஒரே குறை, மீன் எடுக்கும்போது ஈயத்தோட கனம் அதுக்குத் தெரியாது, தானா முள் ஏறாது. ராடு நுனி மேலயே கண்ணு இருக்கணும். டீ குடிக்கப் போறவங்களுக்கு ஆகாது.

ரெண்டாவது இன்லைன். ஈயத்து நடுவுல குழாய் ஓடும், நரம்பு அதுக்குள்ள. ஸ்விவல் ஈயத்து அடி ரப்பர்ல லேசா உட்காரும். 60, 70 கிராம் போட்டா மீன் வாய மூடித் திரும்பின உடனே அந்தக் கனத்துலயே முள் ஏறும். ஸ்விவலை விரலால இழுத்தா சுலபமா கழண்டு வரணும், அதுக்கப்புறம் ஈயம் நரம்பு முனை வரைக்கும் தடையில்லாம ஓடணும்.

மூணாவது கிளிப், அதாவது ஈயத்தை மாட்டி வைக்கற, மாட்டிக்கிட்டா விட்டுர்ற பிளாஸ்டிக் துண்டு. நரம்புல முதல்ல 1 மீட்டர் மெல்லிய குழாய், அடுத்து வால் ரப்பர் (கிளிப் கையை மூடற கூம்பு ரப்பர், ஒடுங்கின பக்கம் ராடைப் பார்த்து), அடுத்து கிளிப், கடைசியில ஸ்விவல் முடிச்சு. முடிச்சை இறுக்கறதுக்கு முன்னாடி எச்சில் தொட்டு நனைக்கணும். காய்ஞ்ச தங்கூஸ் உரசற சூட்டுல அங்கயே பலம் இழந்துரும். ஸ்விவலை கிளிப்புக்குள்ள இழுத்து உட்கார வச்சு, ஈயத்தை கிளிப் கையில மாட்டி, வால் ரப்பரைத் தள்ளணும். தப்பு நடக்கற இடம் இதுதான். வீசும்போது ஈயம் பறந்துருமேன்னு பயந்து ரப்பரை முழுசா அழுத்தித் தள்ளுவாங்க. சில பேர் பசையே ஒட்டுவாங்க. அப்புறம் அதுக்குப் பேர்தான் கழலற செட்டு, ஈயம் கழலாது. பாதி தூரம் தள்ளினா போதும். வெயில்ல வறுபட்ட பழைய ரப்பர் கெட்டியாகி இறுகிக்கும், விரல்ல மடக்கினா வெடிப்பு தெரியும், தூக்கிப் போட்டுருங்க.

வேலந்தாவளம்_தக்கை:
வீட்டுலயே சோதிக்க வழி இருக்குங்களா?

மீனாட்சிபுரம்_ரீல்:
இருக்கு. செட்டைக் கட்டி முடிச்சதும் ஸ்விவலுக்கு 1 அடி மேல நரம்பைக் கத்தரியால வெட்டுங்க. வெட்டத்தான் வேணும், மனசுல நினைச்சா பத்தாது. முள்ளை ஒரு கையில பிடிச்சு, ஈயத்தைக் கதவு இடுக்குல சிக்க வச்சு இழுங்க. ஈயம் தனியா நிக்கணும், முள் உங்க கையோட வரணும். பக்கெட் தண்ணியில நனைச்சும் ஒரு தடவை பாருங்க. காய்ஞ்ச ரப்பரும் நனைஞ்ச ரப்பரும் ஒரே மாதிரி விடாது.

கொழிஞ்சாம்பாறை_மாவு:
சரி, ஈயம் கழண்டு குளத்துல விழுது. ஆளுக்கு நாலு ஈயம்னு வருஷம் முழுக்க விழுந்தா அது விஷமில்லையா? மீனைக் காப்பாத்தறேன்னு தண்ணியைக் கெடுக்கறீங்க. காசும் போகுது.

ஆழியாறு_120:
இது நியாயமான கேள்விங்ணா, மழுப்ப முடியாது. கழலற செட்டு பழகின இங்கிலாந்துலயே 1987-ல சின்ன ஈயத்துக்குத் தடை வந்துச்சு, அன்னப்பறவை கல்லுன்னு நினைச்சு முழுங்கிச் செத்ததால. அந்தத் தடை 0.06 கிராமுக்கு மேல 28.35 கிராம் வரைக்கும். நாம போடற 60 கிராம் குண்டை எந்தப் பறவையும் முழுங்காது. அதுக்காக ஈயம் நல்லதுன்னு ஆகிடாது.

அதனால ஒவ்வொரு மீனுக்கும் ஈயம் விழணும்னு கட்ட வேண்டாம். மாட்டினா மட்டும் விழணும். அடி சுத்தமா இருக்கற குளத்துல ஓடற ஈயம் போதும், மாசத்துக்கு ஒண்ணு கூடப் போகாது. மரம் மட்டை கிடக்கற இடத்துல ஈயத்துக்குப் பதில் கல். ஆத்துல உருண்ட 60, 70 கிராம் கூழாங்கல்லை சைக்கிள் டியூப் பட்டையில சுத்தி, ஓடற ஈயத்தோட வளையத்துல 0.18 மி.மீ நரம்பால கட்டுங்க. அந்தக் கட்டுதான் செட்டுலயே பலவீனமான இடம், மாட்டினா கல் மட்டும் அறுந்து விழும். செலவு எதுவும் இல்லை. ஓங்கி வீசினா கட்டு காத்துலயே அறுகும், அதனால இது 25 மீட்டருக்குள்ள மெதுவா போடறதுக்கு மட்டும்.

சித்தூர்ப்புழை:
செட்டுக்கு முன்னாடி எந்தத் தண்ணின்னு பாருங்கப்பா. இங்க ஒரு ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மாநிலம், இந்தப் பக்கம் ஒரு மாநிலம். அணைத் தண்ணியில மீன் உரிமை மீன்வளர்ச்சிக் கழகத்துக்கோ மீனவர் சங்கத்துக்கோ குத்தகைக்காரருக்கோ இருக்கும். மீன்கரையானாலும் ஆழியாறானாலும் அனுமதி கேக்காம தூண்டில் போட்டா எவ்வளவு பாதுகாப்பான செட்டுன்னாலும் திருட்டு மீன்தான். பரம்பிக்குளம், ஆனைமலை ரெண்டும் புலிகள் காப்பகம், அங்க ராடையே எடுக்காதீங்க. கேரளாவுல 2010 உள்நாட்டு மீன்வளச் சட்டம் இருக்கு. புதுமழைக்கு வயலேறி முட்டை போட வர மீனைப் பிடிக்கற ஊத்தப் பிடித்தத்துக்கும் அங்க தடை. கட்டணக் குளத்துல போர்டுதான் சட்டம். பிடிக்கலைன்னா காசு கட்டாம வண்டியைத் திருப்பிக்கலாம்.

கொழிஞ்சாம்பாறை_மாவு:
திருப்பிக்கறது சுலபம். எனக்கு ஒரே கேள்வி. மாவு இல்லாம கட்லா வராது, ஸ்பிரிங் இல்லாம மாவு நிக்காது. அதுக்கு வழி சொல்லுங்க, ஒத்துக்கறேன். கொண்டைக்கடலையைக் கோர்த்துட்டு உட்காரச் சொன்னா கெண்டைதான் வரும், கட்லா வராது.

ஆழியாறு_120:
ஸ்பிரிங்கை விடவே வேண்டாம்ணா. முள்ளை மட்டும் குறைங்க. நடுவுல குழாய் ஓடற ஸ்பிரிங்கா பார்த்து வாங்கி, நரம்பை அதுக்குள்ள விட்டு, மணி, ஸ்விவல். கீழ 8 செ.மீ மெல்லிய பின்னல் நூல்ல 6 நம்பர் முள் ஒண்ணு, நாக்கை இடுக்கியால நசுக்கினது. முள் வளைவுக்குக் கீழ 4 மி.மீ தொங்கற மாதிரி நூல்ல ஒரு பொரியோ சின்ன தெர்மாகோல் மணியோ கோர்த்துருங்க, முள்ளோட கனத்தை அது தூக்கும். வீசறதுக்கு முன்னாடி முள்ளை மாவுக்குள்ளயே செருகிருங்க. மாவு உடையும்போது முள் அந்தப் புகைக்கு நடுவுல மிதந்து நிக்கும், கட்லா உறிஞ்சறது அதைத்தான். தக்கைக்குக் கீழ ஆழத்தையும் சரி பண்ணணும். நடுத்தண்ணி மீனுக்கு அடியில மாவு போட்டுட்டு முள் எண்ணிக்கையைக் குறை சொல்றதுல அர்த்தமில்லை.

மாவு இறுகினா எல்லாம் கெட்டுது. கடலைப் புண்ணாக்குத் தூள் 500 கிராம், தவிடு 250, பொட்டுக்கடலை மாவு 150, மைதா 50. தண்ணி கையால தெளிச்சுத் தெளிச்சுப் பிசையணும், ஊத்தக் கூடாது. உருண்டையைப் பக்கெட்ல போட்டா 10-லிருந்து 15 நிமிஷத்துல வெளிப்பக்கமா உதிரணும். அரை மணி ஆயும் உருண்டையா கிடந்தா மைதா அதிகம். விழுந்த உடனே கரைஞ்சா தவிடு அதிகம்.

கொழிஞ்சாம்பாறை_மாவு:
மாவு கரைஞ்சு போனா ஸ்பிரிங் 20 கிராம்தான் இருக்கும். அப்புறம் தானா முள் ஏறாதே?

ஆழியாறு_120:
ஏறாது. 15 நிமிஷத்துக்கு ஒருக்கா எடுத்து மாவு வைக்கணும். 6 முள் செட்டுலயும் அதைத்தானே பண்றோம்.

சித்தூர்ப்புழை:
கொண்டைக்கடலைன்னு பேச்சு வந்ததால ஒரு வார்த்தை. ராத்திரி முழுக்க ஊற வச்சு, விரல்ல நசுங்கற வரைக்கும் வேக வச்சுத்தான் தண்ணியில போடணும். காய்ஞ்ச பயறு மீன் வயித்துக்குள்ள ஊதும். மீனைத் திரும்ப விடும்போது சாக்கு மேல போடாதீங்க, வழுவழுப்பு உரிஞ்சு வந்துரும். நனைச்ச வாழை இலை ரெண்டு விரிச்சாப் போதும். பங்குனி, சித்திரை வெயில்ல போட்டோவை சீக்கிரம் முடிங்க.

வேலந்தாவளம்_தக்கை:
என் பக்கம் மெயின் நரம்பு பின்னல். முன்னாடி 0.45 தங்கூஸ் 6 மீட்டர் லீடர் (மெயினுக்கும் செட்டுக்கும் நடுவுல வர தடிச்ச நரம்பு) கட்டியிருக்கேன். இதுல எந்த செட் ஓடும்?

மீனாட்சிபுரம்_ரீல்:
லீடர் முடிச்சுதான் வில்லன். பின்னல்ல அறுந்தா ஈயம் அந்த முடிச்சு வரைக்கும் ஓடி அங்க நின்னுரும், மீன் 6 மீட்டர் நரம்போட குண்டை இழுக்கும். இன்லைன் ஈயத்துக் குழாய் ஒடுக்கம், அதுல உங்க முடிச்சு போகாது. ஓடற ஈயத்துல வளையத் துளை 3 மி.மீக்கு மேல இருக்கறதா எடுங்க. முடிச்சு வாலை ஒட்ட நறுக்கி, வளையத்தை முடிச்சு மேல பத்து தடவை முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்க. ஒரு தடவை தட்டினாலும் வேற முடிச்சு போடுங்க.

கொழிஞ்சாம்பாறை_மாவு:
ஞாயித்துக்கிழமை குழாய் ஸ்பிரிங் வாங்கறேன். முள்ளு ஒண்ணுதான், சரி. நாக்கை நசுக்கறது மட்டும் இன்னும் ஒத்துக்கலை. நாக்கு இல்லாத முள் வாய்க்குள்ள அசைஞ்சு அசைஞ்சு ஓட்டையைப் பெருசாக்கும், அதைப் பத்திப் போர்டு ஏன் பேசலை?

ஆழியாறு_120:
நரம்பு தொய்ஞ்சாத்தான் அசையும்ணா. ராடு வளைஞ்சே இருக்கட்டும். அறுந்து போனா நாக்கில்லாத முள்ளை மீன் சீக்கிரம் உதறிரும், நாக்கு இருந்தா சதைக்குள்ளயே நிக்கும். ஆனா கட்லா வாய் மெத்துனுதான், பெரிய ஓட்டை விழும்னு நீங்க சொல்றதுல பாதி சரி. அதனால 6-க்குப் பதில் 8 நம்பர் முள் (நம்பர் ஏறினா முள் சின்னது) போட்டுப் பாருங்க.