ஓய்வு பெறும் மூத்த தோழிக்காக ஓர் ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர், வயது 27. என் அருகில் அமர்ந்து பணிபுரியும் அக்கா (என் தாயைவிட மூத்தவர் என்றாலும் அப்படித்தான் அழைக்கிறேன்) அடுத்த மாத இறுதியில் ஓய்வு பெறுகிறார். 2021-இல் தமிழக அரசு ஓய்வு வயதை 60 ஆக உயர்த்தியதால்தான் அவருடன் பழக எனக்கு வாய்ப்புக் கிடைத்தது.

கிராம நில விவரங்களைக் கொண்ட பழைய அ-பதிவேட்டில் மங்கிப்போன எழுத்தின் மேல் அளவுகோலை வைத்து, வரி வரியாக நகர்த்திப் படிக்கவும், 40.5 ஏர்ஸ் என்றால் ஏறத்தாழ ஓர் ஏக்கர் என்று மனக்கணக்காகச் சொல்லவும் அவரே கற்றுக்கொடுத்தார். அரசு ஊழியர்களுக்கான களஞ்சியம் செயலியில் சம்பளப் பட்டியலைப் பார்க்க நான் அவருக்குக் கற்றுக்கொடுத்தேன். இந்த நட்பு எங்கள் மேசையோடு நிற்கவில்லை: அவர் அழைத்ததால் அவருடைய தெருவில் தனியே வாழும் மூன்று ஓய்வூதியர்களுக்குக் கைப்பேசியிலேயே உயிர்வாழ் சான்று பதிவு செய்ய உதவினேன், அவர்கள் இன்றும் என்னை "தம்பி, சாப்பிட்டாயா?" என்று விசாரிக்கிறார்கள். சொந்த ஊரைவிட்டு வந்து தனியறையில் தங்கியிருக்கும் எனக்கு அந்த விசாரிப்பு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லி முடியாது.

பிரிவு உபசார விழாவோடு இந்த உறவு முடிந்துவிடக் கூடாது என்பதால், ஓய்வு பெற்றவர்களும் இளம் ஊழியர்களும் மாதம் ஒரு முறை சந்திக்க ஏற்பாடு செய்ய விரும்புகிறேன். உங்கள் அலுவலகத்தில் இப்படி நடக்கிறதா? எந்த இடம், எந்த நேரம் மூத்தவர்களுக்கு வசதியாக இருக்கும்? தொடங்கிய பின் ஆர்வம் குறையாமல் எப்படி நடத்தினீர்கள்? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதி உதவ வேண்டுகிறேன்.