கொழுப்புச் சவ்வைத் தண்ணீர் எப்படித் தாண்டுகிறது?

கேள்வி: குலசேகரம், ரப்பர் பால் வெட்டுபவர்

மகள் பதினொன்றாம் வகுப்பு. செல் சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பு என்று படித்துவிட்டு, "எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாதே அம்மா, அப்புறம் எப்படித் தண்ணீர் மட்டும் உள்ளே போகுது, உப்பு போகல?" என்று கேட்டாள். நான் பத்தாவதோடு நின்றவள். மூன்று நாளாக மரத்துக்கு மரம் நடக்கும்போதெல்லாம் இதே யோசனை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: தக்கலை, ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்

பிள்ளை கேட்டது நல்ல கேள்வி தங்கச்சி. சவ்வில் இருக்கும் பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பு மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் தண்ணீரை விரும்பும் தலை ஒன்று, தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும் வால் இரண்டு. வால்களெல்லாம் நடுப்பக்கம் திரும்பி நிற்கும். மொத்தத் தடிமனே 7, 8 நானோமீட்டர்தான். ஆக்சிஜன் அதில் சுலபமாக நுழையும். தண்ணீர் கொஞ்சம் கசியும். உப்பில் இருக்கும், மின்னூட்டம் உள்ள சோடியம் அயனியால் அந்த வால்களைத் தாண்ட முடியாது.

வெறும் கசிவு போதாது என்பதால், தண்ணீருக்கென்றே சவ்வில் புரதக் குழாய்கள் உண்டு. பெயர் அக்வாபோரின். மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகிற அகலம்தான். 1992இல் பீட்டர் அக்ரி என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு இதை உறுதிசெய்தது. 2003இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

உங்கள் மரத்திலேயே பாருங்கள். பால்குழலுக்குள் கரைந்திருக்கும் சர்க்கரையும் உப்புகளும் சவ்வு வழியே தண்ணீரை உள்ளே இழுக்கின்றன. இரவில் இலை வழியாகப் போகும் நீர் குறைவு. அதனால் விடியுமுன் அந்தக் குழலுக்குள் வண்டி டயரைவிடப் பல மடங்கு அழுத்தம் ஏறி நிற்கும். இருட்டோடு நீங்கள் வெட்டப் போவது அதற்குத்தான். வெட்டியதும் அழுத்தம் இறங்குகிறது, பக்கத்துச் செல்களிலிருந்து தண்ணீர் குழலுக்குள் புகுகிறது. பால் வடிய வடிய நீர்த்துப்போகும்.

பதில்: குளச்சல்

சார், எங்கள் வீட்டில் சாளைக் கருவாடு போடுகிறோம். அதில் உப்பு மீனுக்குள்ளே போகத்தானே செய்கிறது?

பதில்: தக்கலை ஆசிரியர்

அது செத்த மீன் தம்பி. சவ்வு சிதைந்த பிறகு தடுக்க ஆள் இல்லை. தண்ணீர் வெளியே வரும், உப்பு உள்ளே போகும். உயிரோடு இருந்த மீனின் செல், ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுத்துக்கொண்டே இருந்தது. அது ஓயாத வேலை.

வீட்டில் பார்க்க வேண்டுமா? பீட்ரூட் துண்டுகளை நன்றாகக் கழுவி, ஒன்றைப் பச்சைத் தண்ணீரிலும் இன்னொன்றைக் கொதிநீரிலும் போடுங்கள். கொதிநீர் உடனே சிவக்கும். சூடு சவ்வைக் கெடுத்துவிட்டது என்று அர்த்தம்.

பதில்: குலசேகரம்

சார், இன்று ஒரு மரத்தில் முதலில் வடிந்த பாலை ஒரு சிரட்டையிலும் கடைசிப் பாலை இன்னொரு சிரட்டையிலும் பிடித்தேன். முதலாவது விரலில் கெட்டியாக இழுபட்டது. இரண்டாவது இளகி ஓடியது. இத்தனை வருடம் பனி ஈரம் என்றே நினைத்திருந்தேன். மகள் இரண்டையும் மூடிப் பள்ளிக்கு எடுத்துப்போயிருக்கிறாள்.