காப்புரிமையை விற்பதா, உரிமம் கொடுப்பதா?

பம்ப்பட்டறை, கோவை:
வணக்கம். மோனோபிளாக் பம்பில் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்தது) நீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் ஒன்றுக்கு 2016இல் விண்ணப்பித்து, 2021இல் எங்கள் சிறு நிறுவனத்தின் பெயரில் காப்புரிமை பெற்றோம். பெரிய அளவில் உற்பத்தி செய்ய எங்களிடம் முதலீடு இல்லை. இப்போது பெரிய பம்ப் நிறுவனம் ஒன்று, மொத்தத் தொகை கொடுத்துக் காப்புரிமையையே வாங்கிக்கொள்ள முன்வந்துள்ளது; விற்க மனமில்லையென்றால் தனக்கு மட்டுமேயான உரிமமாகக் கொடுத்தாலும் சம்மதம் என்கிறது. எங்களுக்கு எது நல்லது?

ராயல்டிகணக்கு:
காப்புரிமையின் ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் என்பதால், உங்களுடையது 2036 வரைதான். மீதமுள்ள ஆண்டுகளில் அந்த நிறுவனம் எத்தனை பம்ப் விற்கும் என்று கணக்கிடாமல் மொத்தத் தொகைக்குத் தலையாட்ட வேண்டாம். விற்பனை பெருகும் வாய்ப்பு இருந்தால் உரிமமே மேல் என்பேன். ஆனால் 'தனக்கு மட்டும்' என்ற உரிமம், சட்டப்படி காப்புரிமையாளரான உங்களையும் சேர்த்தே விலக்கிவிடும். உங்கள் பட்டறையில் அந்தச் சீலைத் தொடர்ந்து செய்யலாம் என்று ஒப்பந்தத்தில் தனியாக எழுதிக்கொள்ளாவிட்டால், சொந்தக் கண்டுபிடிப்பையே நீங்கள் பயன்படுத்த முடியாது. ராயல்டியை, அதாவது உரிமத்துக்காக அவர்கள் தொடர்ந்து தரும் தொகையை, 'லாபத்தில் இத்தனை சதவீதம்' என்று வைக்காமல், ஆலையிலிருந்து வெளியேறும் பில் விலையில் சதவீதமாகவோ, பம்புக்கு இத்தனை ரூபாய் என்றோ வையுங்கள். லாபத்தை எப்படி வேண்டுமானாலும் குறைத்துக் காட்டிவிடலாம். கையெழுத்தின்போதே முன்பணம், ஆண்டுக்கு இவ்வளவு குறைந்தபட்ச ராயல்டி, அவர்களுடைய விற்பனைப் பதிவேட்டைத் தணிக்கை செய்யும் உரிமை ஆகிய மூன்றையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வேளச்சேரி வாசகன்:
அந்தக் குறைந்தபட்ச ராயல்டிதான் உயிர்நாடி. போட்டியாளர் கைக்குப் போகாமல் தடுப்பதற்காகவே உரிமம் வாங்கிக் கிடப்பில் போடும் நிறுவனங்கள் உண்டு. அப்படிக் கிடந்தால், காப்புரிமை வழங்கி 3 ஆண்டுகள் கடந்தபின், கண்டுபிடிப்பு இந்தியாவில் நடைமுறைக்கு வரவில்லை என்று காட்டி யாரும் கட்டாய உரிமம் (காப்புரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் கிடைக்கும் உரிமம்) கோரலாம். 2012இல் பேயர் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்துக்கு நாட்கோ அப்படித்தான் உரிமம் பெற்றது. அங்கே ராயல்டியை 6 சதவீதம் என்று நிர்ணயித்தவர் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர், மறு ஆண்டு மேல்முறையீட்டில் அது 7 ஆனது. உங்கள் விலையை வேறொருவர் முடிவு செய்யும் நிலைக்கு விடாதீர்கள்.

பம்ப்பட்டறை, கோவை:
இருவருக்கும் நன்றி. சீலோடு சேரும் ஸ்பிரிங்கையும் ரப்பர் பெல்லோஸையும் எங்களிடம்தான் வாங்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாமா? அதில் நிலையான வருமானம் வரும் என்று பங்குதாரர் சொல்கிறார்.

ராயல்டிகணக்கு:
ஸ்பிரிங்கும் பெல்லோஸும் தனியாகக் காப்புரிமை பெற்ற பொருள்கள் அல்ல என்றால், அந்த நிபந்தனை காப்புரிமைச் சட்டத்தின் 140ஆம் பிரிவின்படி செல்லாது. அவற்றுக்கு நியாயமான விலையில் தனி சப்ளை ஒப்பந்தம் பேசிப் பாருங்கள், அவர்கள் விரும்பினால் வாங்கட்டும். அதைவிட, பயன்பாட்டைப் பிரித்துக் கொடுப்பதில்தான் பணம் இருக்கிறது: விவசாயப் பம்புக்கு மட்டும் இவர்களுக்குத் தனி உரிமம் கொடுத்துவிட்டு, வீட்டுப் பம்பை வேறொருவருக்காக வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் இல்லாத உரிமம் செல்லாது. கையெழுத்தானதும் படிவம் 16 வழியாகக் காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். ராயல்டி பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும் என்பதையும் பேச்சுவார்த்தையிலேயே தெளிவாக்கிவிடுங்கள்.