"பரம்பரை வருத்தம்" என்கிறார்கள். உங்கள் வீட்டில் கண்டதைச் சொல்லுங்கள்

கோண்டாவிலிலிருந்து

அம்மாவும் பெரியம்மாவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இருவருக்கும் சீனி வருத்தம். அம்மம்மாவுக்கும் இருந்திருக்க வேண்டும், அந்தக் காலத்தில் யார் சோதித்தார்கள்.

போன மாதம் பெரியம்மாவைக் காலில் புண்ணோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தோட்டத்தில் ஏறிய முள். மூன்று நாளாக உள்ளேயே இருந்திருக்கிறது, சீனியால் கால் மரத்துப்போனதில் அவருக்குத் தெரியவில்லை. நேர்ஸ் இடுக்கியால் இழுத்தபோதுகூட முகம் சுளிக்காமல் என்னோடு கதைத்துக்கொண்டே இருந்தார். கறுத்துப்போய் நகத்தளவு நீளம் இருந்தது அந்த முள். எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது.

"குடும்பத்தில வேற ஆருக்கும் இருக்கோ?" என்று டொக்டர் கேட்டார். ஓம் என்றேன். "அப்ப பரம்பரைதான்" என்றார். பெரியம்மாவும் தலையாட்டினார்: "எங்கட ரத்தத்தில கிடக்கு பிள்ளை. என்ன செய்யிறது?"

எனக்கு அதில் மனம் ஆறவில்லை. அதே இரத்தம்தானே அம்மாவுக்கும்? அம்மாவுக்கு 72 வயது. தனியாகச் சந்தைக்குப் போய் வருகிறார். பெரியம்மாவுக்கு 78. ஏற்கெனவே வலது காலில் இரண்டு விரல் இல்லை, இடது கண் மங்கல். ஆறு வயது மூப்பு மட்டும் இவ்வளவு வித்தியாசத்தைச் செய்யுமா?

பெரியம்மா எட்டாம் வகுப்போடு நின்றவர். இலவசக் கல்வி 1945 இலேயே வந்துவிட்டது, பள்ளிக்கூடத்துக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. ஆனால் அம்மம்மா பாயோடு படுத்துவிட்டார், கடைசித் தம்பிக்கு ஒரு வயது. மூத்தவள் வீட்டில் நின்றாள், இளையவள் படித்து ரீச்சர் ஆனாள். அம்மாவுக்கு 46 வயதில் ஒரு மருத்துவ முகாமில் சீனி தெரியவந்தது. அன்றிலிருந்து மருந்து, நடை, வருடா வருடம் கண் சோதனை. பெரியம்மாவுக்கு 58 வயதில், புண் ஆறாமல் போன பிறகுதான் தெரிந்தது. அதற்கு எத்தனை வருடம் முன்பே வந்திருக்கும்! கிளினிக் இலவசம்தான். ஆனால் கிளினிக் நாளென்றால் வெங்காயத் தோட்டத்துக் கூலி போய்விடும். அதனால் ஒரு மாதம் போவார், ஒரு மாதம் விடுவார். குளிசை முடிகிற நேரம் பாதியாக முறித்துப் போடுவார்.

தாய் தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்புக் கூடும் என்பது உண்மை. நம் ஆட்களுக்கு உடம்பு பெருக்காமலே வந்துவிடும் என்பதும் உண்மை. அதனால்தான் ஆசியர்கள் பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு) 23 இலேயே கவனமாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004 இல் சொன்னது. ஆனால் வந்த வருத்தம் விரலை எடுக்குமா விடுமா என்பதை எங்கள் வீட்டில் முடிவு செய்தது எட்டாம் வகுப்பு. நான் அப்படித்தான் நினைக்கிறேன். உங்கள் வீடுகளில் எப்படி?

காரைநகரிலிருந்து

எங்கள் மாமாமார் இருவரும் இரட்டையர், உரித்து வைத்த ஒரே முகம். சின்ன மாமா 1984 இல் கனடா போனவர். பெரிய மாமா ஊரை விட்டு அசையவில்லை. போன திருவெம்பாவைக்குச் சின்ன மாமா வந்திருந்தார். சிவன் கோவிலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது, தெரியாதவர்கள் அண்ணன் தம்பி என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இரவு திண்ணையில் இருந்து மருந்துகளைப் பரப்பினார்கள். சின்ன மாமாவிடம் நாள் வாரியாகத் தட்டுப் போட்ட பெட்டி, ஏழு தட்டும் நிறைய. இருபது வருடத்துக்கு மேல் தொழிற்சாலையில் இரவு வேலை, பிறகு 61 வயதில் பைபாஸ். பெரிய மாமாவிடம் ஒரே ஒரு பிரஷர் குளிசை. இன்றைக்கும் சைக்கிள்தான். அவர்தான் நல்லாயிருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. பெரிய மாமாவுக்குப் பல் முழுக்கப் போய்விட்டது. ஒரு கண்ணில் வெண்புரையை வெகு காலம் கவனிக்காமல் விட்டார். காதும் கேட்காது, தம்பி சொன்னதை மூன்று தரம் கேட்டார்.

டென்மார்க்கில் 1870 முதல் 1900 வரை பிறந்த இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஆயுளில் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய கால் பங்குதான் மரபணுவால் வருவதாம். அன்றிரவு திண்ணையில் நான் பார்த்தது மிச்ச முக்கால் பங்கை.

சாவகச்சேரியிலிருந்து

நான் ஓய்வுபெற்ற குடும்ப நல மாது. 1995 ஒக்டோபர் 30 இல் யுத்தத்தால் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்ததை இங்கே பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளிக்கூட மண்டபங்களில் சனம் நெருங்கிக் கிடந்தது. அடுத்த மாசியில் ஒரு பிள்ளையைத் துணி ஏணையில் வைத்துத் தொங்கு தராசில் நிறுத்தேன். 1 கிலோ 900. குறைமாதத்தில் பிறந்த பிள்ளையில்லை, நாள் நிரம்பிய பிள்ளை. தாய் மூன்று மாதமாகக் கஞ்சியில் இருந்தவள். தராசு முள்ளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "தேறிவிடும் பிள்ளை" என்றேன்.

தேறினாள். சந்தையில் அவளைக் கண்டேன், ஏழு மாதக் கர்ப்பிணி. அவளாகவே வந்து கையைப் பிடித்தாள். மெல்லிய உடம்பு, ஆனால் கர்ப்பகாலச் சீனி வந்திருக்கிறது. "எங்கட வீட்டில ஒருத்தருக்கும் இல்லையே அன்ரி, எனக்கெப்பிடி?" என்றாள்.

நெதர்லாந்தில் 1944, 45 பஞ்சத்தின்போது தாய் வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயதளவில் சோதித்தபோது, அவர்கள் உடம்பு சீனியைக் கையாளுவதில் சிரமப்பட்டது தெரியவந்தது. பிறகு அவர்களில் சிலரின் மரபணுக்களைப் பார்த்தார்கள். மரபணுவின் எழுத்து மாறவில்லை. ஆனால் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைக் காட்டும் அடையாளங்கள் அறுபது வருடம் கழித்தும் மாறியே இருந்தன. அவளுக்கு வந்தது இதனால்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வயிற்றுப் பிள்ளைக்காக அவள் இப்போது சீனியைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும், அதைச் சொன்னேன். தராசுக் கதையையும் சொன்னேன். இருவரும் மீன்கடைப் பக்கம் நின்று அழுதுவிட்டோம்.

நல்லூரிலிருந்து

கந்தோரில் 34 வருடம் எழுதுவினைஞராக இருந்தவன் நான். எல்லாருக்கும் மாதச் சம்பளம், எல்லாருக்கும் ஒரே இலவச ஆஸ்பத்திரி. ஆனாலும் எங்களோடு இருந்த பியோன்மார் பென்சனை அதிக காலம் எடுக்கவில்லை. இங்கிலாந்தில் 1967 இல் தொடங்கிய வைட்ஹோல் ஆய்வும் அரச ஊழியர்களைப் பற்றியதுதான். அங்கே கடைசிப் படியில் இருந்தவர்கள் மேல் படியில் இருந்தவர்களைப் போல மூன்று மடங்குக்கு மேல் இதய நோயால் இறந்திருக்கிறார்கள். புகையையும் பிரஷரையும் கழித்துப் பார்த்தாலும் பெரும் பகுதி மிஞ்சியதாம். இதை வாசித்தபோது எங்கள் பியோன் அண்ணைதான் கண்ணுக்குள் நின்றார். மணியடித்தால் எழும்ப வேண்டும், எப்போது அடிக்கும் என்று தெரியாது.

கோண்டாவிலிலிருந்து

எல்லாவற்றையும் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 1 கிலோ 900 பிள்ளையின் கதையை இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னார். பிறகு, அம்மம்மா தன்னை வயிற்றில் வைத்திருந்தபோது என்ன சாப்பிட்டிருப்பாரோ என்று யோசித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நாளில் அவர் அப்படிக் கேட்டதேயில்லை.

புண் ஆறி வருகிறது. மெத்தையான செருப்பு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். செம்பாட்டு மண்ணில் ஊத்தையாகிவிடும் என்று வரம்பில் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்குகிறார். அதற்கு இன்னும் வழி பிடிபடவில்லை. இரவில் கைக்கண்ணாடியைப் பிடித்து இரண்டு உள்ளங்காலையும் நான் பார்க்கிறேன். வியாழன் கிளினிக், இந்த முறை நானும் போகிறேன். கொப்பியில் கண் சோதனைக்குக் குறித்த திகதி இரண்டு வருடத்துக்கு முந்தியது.